பெரிய வளையம் எந்தப் பக்கம்

நவம்பர் 6, வியாழன்.
இன்றைய வேலை: அச்சகத்துப் பின்புற மரம். கூரைமேல் சாய்ந்த கிளைகள் ஒன்பது. ஒன்பதும் இறங்கின. கூரைத் தகடு எதுவும் நசுங்கவில்லை.
இன்றைய தவறு: குண்டைத் தப்பான நுனியில் மாட்டிவிட்டேன் என்று நினைக்கிறேன். நூல்கயிறும் கட்டவில்லை. வளையப்பட்டை கீழே வராமல் மரத்திலேயே நின்றுவிட்டது.
நாளை:

அதற்கு மேல் பேனா ஓடவில்லை.

மாலை வகுப்பு டீச்சர் சொல்லிக்கொடுத்த முறை இது. நாள் தவறாமல் மூன்று தலைப்பு: செய்த வேலை, செய்த தவறு, நாளைய வேலை. “ரெண்டு வரி போதும், உண்மையா இருக்கணும்” என்று சொல்லியிருந்தார். வகுப்பில் பாதிப் பேர் தவறு என்ற தலைப்பின் கீழே ஒரு கோடு போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். இவளுக்கு மட்டும் அந்த இடம் போதாது. ஓரத்தில் பொடி எழுத்தில் சுற்றிச் சுற்றி எழுதுவாள். எதையும் எழுதி வைத்துக்கொள்கிற பழக்கத்தால் வீட்டில் அவளுக்கு ‘நோட்டு’ என்றே பெயர் விழுந்துவிட்டது. ஐம்பதடி உயரத்தில் தொங்கிக்கொண்டு கூப்பிடும்போதும் அண்ணன், “ஏய் நோட்டு, கயிறு விடு!” என்றுதான் கத்துவான்.

சமையலறையில் அண்ணி உருளைக்கிழங்கை வில்லை வில்லையாக நறுக்கிக்கொண்டிருந்தாள். பை தைக்கும் பட்டறையில் இருந்து வந்தவள் இன்னும் முகம்கூடக் கழுவவில்லை. முடியில் நூல் பிசிறு ஒட்டியிருந்தது. பின்புறம் அண்ணன் வாள் மெஷினின் சங்கிலியைத் துடைக்கும் சத்தம் கேட்டது. ஜன்னலில் தூறல்.

‘நாளை’ என்ற சொல்லுக்கு எதிரே எழுத வேண்டியது என்ன என்று அவளுக்குத் தெரியும். அண்ணன் மறுபடி ஏற வேண்டும். ஈர மரத்தில், அவள் செய்த தப்புக்காக.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஈர மரத்தில் அண்ணன் கால் வழுக்கி, ஊஞ்சல் போல ஆடிப்போய் அடிமரத்தில் மோதி, விலா எலும்பு இரண்டில் விரிசல் வாங்கிக்கொண்டான். அன்றைக்கும் எல்லா வேலையும் முடிந்துவிட்டிருந்தது. உச்சியில் கட்டிய கப்பியை அவிழ்ப்பதற்காக மட்டும் மறுபடி ஏறியிருந்தான். ஆறு வாரம் அவனுக்கு முதுகு தேய்த்துக் குளிப்பாட்டிய அண்ணி ஏழாவது வாரம் ஒரு விதி போட்டாள்: ஒரு மரத்துக்கு ஒரு ஏற்றம்.

அந்த விதிக்காக வாங்கியதுதான் வளையப்பட்டை. முழங்கை நீளத்துக்குக் கனத்த பட்டை. ஒரு முனையில் பெரிய வளையம், மறுமுனையில் சின்ன வளையம். உச்சிக் கிளையின்மேல் பட்டையைப் போட்டு, இரண்டு வளையத்துக்குள்ளும் கயிற்றை விட்டால் தீர்ந்தது. வெட்டும் கிளையைக் கயிற்றின் ஒரு பக்கம் கட்டுவான் அண்ணன். மறுபக்கத்தை இவள் கீழே அடிமரத்தில் மூன்று சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, தூங்குகிற குழந்தையைப் படுக்க வைப்பதுபோல் கிளையை இறக்குவாள். பட்டை உச்சியிலேயே இருக்க, அண்ணன் கிளை கிளையாகக் கீழே வந்துகொண்டே வெட்டலாம். கடைசியில் அதை எடுக்க யாரும் ஏற வேண்டாம். பெரிய வளையத்தின் பக்கம் தொங்கும் நுனியில் சின்ன வளையத்துக்குள் நுழையாத அளவில் ஒரு குண்டைத் திருகிவிட்டு, சின்ன வளையத்தின் பக்கம் தொங்கும் கயிற்றை இழுக்க வேண்டும். குண்டு மேலே போய்ப் பெரிய வளையத்தைத் தாண்டும். சின்னதில் முட்டி நிற்கும். இன்னும் இழுத்தால் பட்டை அப்படியே கிளையை விட்டு நழுவித் தரைக்கு வந்துவிடும்.

மாற்றி மாட்டினால் வராது. குண்டு நேரே சின்ன வளையத்தில் முட்டி, சின்ன வளையம் பெரிய வளையத்துக்குள் நுழைந்து, பட்டை சுருக்குப் போல கிளையைப் பிடித்துக்கொள்ளும். இழுக்க இழுக்க இறுகும். கீழேயிருந்து வளையங்கள் கண்ணுக்குத் தெரியாது என்பதால் அவர்களுக்குள் ஒரு வழக்கம்: பெரிய வளையம் எப்போதும் அடிமரத்துப் பக்கம். அண்ணன் அப்படித்தான் வைப்பான். இவள் அதை நம்பித்தான் குண்டு மாட்டுவாள்.

இன்றைக்கு மூன்று மணிக்குக் கடைசிக் கிளை இறங்கியது. அண்ணனும் இறங்கி, இடுப்புப் பட்டையைக் கழற்றினான். அப்போதுதான் முதல் தூறல் விழுந்தது.

“குண்டுக்குப் பின்னாடி நூல்கயிறு கட்டட்டுமாண்ணா?” என்று இவள் கேட்டாள். ஏதாவது சிக்கினால் குண்டைத் திரும்பக் கீழே இழுப்பதற்கு.

“எதுக்கு? மழை வருது பாரு. மாட்டு, இழு, கிளம்பலாம்.”

காற்றில் கயிற்றின் இரண்டு வாலும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டிருந்தன. பிரித்தாள். அடிமரத்துப் பக்கத்து நுனியில் குண்டைத் திருகினாள். மற்றதை இழுத்தாள். குண்டு சரசரவென்று இலைக்குள் ஏறி மறைந்தது. ஒரு சின்னத் தட்டல். அப்புறம் கயிறு கல் மாதிரி நின்றுவிட்டது. இருவரும் சேர்ந்து தொங்கிப் பார்த்தார்கள். இலையிலிருந்த தண்ணீர் மொத்தமும் தலையில் கொட்டியதுதான் மிச்சம்.

அச்சகக்காரர் குடையோடு பின்வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார். “என்ன தம்பி, மீன் மாட்டிக்கிச்சா?”

“பெரிய மீன் சார். நாளைக்குக் காலைல வந்து எடுத்துக்கறோம்.”

“பத்து மணிக்குக் காகித லாரி வந்துடும். அதுக்குள்ள தூண்டிலைச் சுருட்டிடுங்க.”

வண்டியில் ஏறும்போது அண்ணன் கேட்டான். “எந்த நுனியில மாட்டின?”

“அடிமரத்துப் பக்கம்.”

“நல்லாப் பார்த்தியா? முறுக்கிக்கிட்டு இருந்துச்சே.”

அந்தக் கேள்வி போதும் அவளுக்கு. பார்த்தேன் என்று அதுவரை இருந்தது, பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன் என்று ஆகி, வீடு வந்து சேர்வதற்குள், பார்க்கவில்லையோ என்று ஆகிவிட்டது.

உருளைக்கிழங்கு எண்ணெயில் விழுந்து சுரீர் என்றது. அண்ணன் துண்டோடு உள்ளே வந்து குளியலறைப் பக்கம் போனான்.

“நாளைக்கு யார் ஏறப் போறது?” அண்ணி திரும்பாமலே கேட்டாள்.

“வேற யாரு? நான்தான்.”

“விதி?”

“உன் விதியை மரத்துக்கு யாரு சொல்றது? அஞ்சு நிமிஷ வேலை. ஏறினதும் தெரியாது, இறங்கினதும் தெரியாது.”

“விலா எலும்புக்குத் தெரிஞ்சுதே.”

அண்ணன் சிரித்தபடி கதவைச் சாத்திக்கொண்டான். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

“தப்பு என்னோடதுதான் அண்ணி,” என்றாள் இவள்.

“நீ எப்பத்தான் அப்படிச் சொல்லல? மழை பெஞ்சாலும் உன் தப்பு, வெயிலடிச்சாலும் உன் தப்பு. அப்படி என்னதான் பண்ணித் தொலைக்கற, அந்த நோட்டைப் படி, கேப்போம். கிழங்கு வேகற வரைக்கும் எனக்கும் பொழுது போகட்டும்.”

கிண்டல்தான். இருந்தாலும் படி என்று யாராவது சொன்னால் படித்துவிடுகிற ஆள் இவள். தவறு என்ற தலைப்பை மட்டும் தேடித் தேடிப் படித்தாள்.

“அக்டோபர் மூணு. டீயை டம்ளர் நிறைய ஊற்றிக் கொடுத்துவிட்டேன். அண்ணன் கையிலிருந்து வழுக்கி விழுந்து உடைந்தது.”

“இதெல்லாம் ஒரு தப்பா? அடுத்தது.”

“அக்டோபர் ஒன்பது. கைவாளைச் சரியாகக் கொக்கியில் மாட்டாமல் மேலே அனுப்பிவிட்டேன் போலிருக்கிறது. அண்ணன் எடுக்கும்போது கீழே விழுந்தது. ஆள் யாரும் இல்லை. அக்டோபர் பதினாலு. பழைய கையுறையைக் கொடுத்துவிட்டேன். பிடிப்பு இல்லாமல் அண்ணன் கொக்கியை நழுவ விட்டான். அக்டோபர் இருபத்தொண்ணு. கிளையைச் சீக்கிரம் இறக்கிவிட்டேன். அதனால் அண்ணன் போட்ட முடிச்சு பாதியில் தளர்ந்தது. அக்டோபர் இருபத்தெட்டு. பெட்ரோல் மூடியை அதிகம் இறுக்கிவிட்டேன். அண்ணன் திறக்க முடியாமல் வலது கைக்கு மாற்றித் திறந்தான்.”

கரண்டி நின்றுபோனதை இவள் கவனிக்கவில்லை. அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

“இரு,” என்றாள் அண்ணி. “அந்தக் கொக்கி. எந்தக் கையில இருந்து நழுவுச்சு?”

“இடது கை. வலது கையில வாள் இருந்துச்சு.”

“டீ டம்ளர்?”

இவள் யோசித்தாள். வலது கையில் ரொட்டி. “இடது.”

அண்ணி அடுப்பைச் சிறியதாக்கினாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“ஒரு மாசமா உங்க அண்ணன் காலைல சட்டைப் பொத்தானைப் போட்டு விடு, போட்டு விடுன்னு என் பின்னாடியே வர்றாரு. எட்டு வருஷத்துல இல்லாத கொஞ்சல். நானும் வெக்கமில்லாம பூரிச்சுப் போயிருந்தேன்.” சிரிப்பதுபோல் ஆரம்பித்த முகம் பாதியில் வேறாகிவிட்டது. “மறுபடி படி. முதல்ல இருந்து.”

மறுபடி படித்தாள். இந்தத் தடவை அவள் காதிலேயே அது வேறு யாருடைய நோட்டோ போல விழுந்தது. ஐந்து வாரமாகத் தன் தப்பு என்று தேதி போட்டு எழுதியதில் பாதிக்கு மேல் அண்ணனின் இடது கை இருந்தது. அவள் எழுதியிருந்தாள், பார்க்கவில்லை.

அண்ணன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். “என்ன, தீயற வாடை வருது?”

“கையை நீட்டுங்க,” என்றாள் அண்ணி.

நீட்டினான்.

“அது இல்ல. இடது கை.”

“என்ன ஜோசியமா?”

“கண்ணை மூடுங்க.”

அலமாரியில் இருந்த தையல் டப்பாவை எடுத்து, கோட்டுக்குத் தைக்கிற பொத்தான் ஒன்றை அவன் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்தாள். அவன் உருட்டிப் பார்த்தான். அதை எடுத்துவிட்டுச் சட்டைப் பொத்தான் ஒன்றை வைத்தாள். அதையும் உருட்டினான். முன்னதை விட நேரம் எடுத்துக்கொண்டான்.

“எது பெருசு?”

அதையும் எடுத்து மேஜையில் வைத்தாள். இரண்டு பொத்தானும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன, எது பெரியது என்று குழந்தைக்குக்கூடத் தெரியும்படி.

“ரெண்டாவது,” என்றான் அண்ணன்.

சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தான். பொத்தான்களைப் பார்த்தான். பிறகு தன் நோட்டுத் தங்கச்சியைப் பார்த்தான், திறந்திருந்த பக்கத்தையும்.

“எத்தனை நாளா?” அண்ணி கேட்டாள்.

“கோடையில ஆரம்பிச்சுது. மொதல்ல காலைல மட்டும் எறும்பு ஊர்ற மாதிரி. மெஷின் அதிர்வுன்னு நினைச்சேன். ராத்திரி சரியாயிடும். இப்ப ரெண்டு விரல் வெளுத்துப் போய், குளிர்ல யாரோட விரலோ மாதிரி இருக்கு.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா நீ மரமேற விடமாட்ட.”

“ஆமா, விடமாட்டேன்.”

“அதான் சொல்லல.”

இரண்டு பேருமே உண்மையைச் சொல்லிவிட்டதால் சண்டை போட எதுவும் மிஞ்சவில்லை. அண்ணி எழுந்து போய்க் கிழங்கைத் திருப்பினாள். ஒரு பக்கம் கருகியிருந்தது. ரொட்டிக்கு நடுவில் வைத்து அப்படியே கொடுத்தாள். மூன்று பேரும் கருகல் பக்கத்தை ஒதுக்காமல் தின்றார்கள்.

“இன்னிக்கு மேல இலை அடர்த்தி,” அண்ணன் மென்றுகொண்டே, யாருக்கென்று இல்லாமல் சொன்னான். “தலைக்கு மேல கை எட்டற இடம். கண்ணுல வேர்வை. தடவித்தான் வளையத்தை வச்சேன். எப்பவும் தடவித்தான் வைக்கறது. பெருசு எது சின்னது எதுன்னு என் விரலுக்குத் தெரியும்னு பீத்திக்குவேனே.” இவளைப் பார்த்தான். “நீ சரியாத்தான் மாட்டினியோ என்னவோ.”

“எனக்குத் தெரியலண்ணா. முறுக்கிக்கிட்டு இருந்துச்சு.”

“ஏறிப் பார்த்தாத்தான் தெரியும்.”

“யார் ஏறி?” என்றாள் அண்ணி.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இவள் பக்கம் திரும்பினார்கள். நாலு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறிப் பழகியிருக்கிறாள், உண்மைதான். சுமை இல்லாமல், காய்ந்த மரத்தில், வெயிலில்.

“நான் முப்பது அடிக்கு மேல ஏறினதே இல்ல.”

“முப்பதுக்கு மேல இருபது. ரெண்டு மாடி அவ்வளவுதான்,” என்றான் அண்ணன்.

“நீங்க சும்மா இருங்க.” அண்ணி இவள் பக்கம் திரும்பினாள். “போய்ப் பாரு. உனக்குச் சரியாப் படலன்னா முப்பது அடியிலயே திரும்பிடு. அந்தப் பட்டை மேலயே கெடந்து மக்கினாலும் மக்கட்டும். நான் ரெண்டு மணி நேரம் பர்மிஷன் போட்டுட்டுக் கீழ நிக்கறேன்.”

இவள் சாப்பிட்ட தட்டை ஒதுக்கிவிட்டு நோட்டைத் திறந்தாள். ‘நாளை’க்கு எதிரே எழுதினாள்: நான் ஏற வேண்டும். எழுதிவிட்டு, அடித்துவிடலாமா என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அடிக்கவில்லை.

காலை ஏழு மணிக்கு மழை விட்டிருந்தது. மரம் மட்டும் தன் பங்குக்குச் சொட்டிக்கொண்டிருந்தது. சிக்கிய கயிற்றை நம்பி ஏறக் கூடாது என்பதால் வேறு கவட்டைக்கு மணல் பையை வீசி, புதுக்கயிறு போட வேண்டும். அண்ணன் வலது கையால் வீசினான். இரண்டு தடவை தப்பி, மூன்றாவது தடவை விழுந்தது. இவள் இடுப்புப் பட்டையின் ஒவ்வொரு வாரையும் இழுத்துப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். அண்ணன் அவள் முடிச்சைக் கண்ணாலேயே பார்த்தான், தொடவில்லை.

“பார்த்தது போதும்டி, விடிஞ்சுடும்,” என்றாள் அண்ணி.

“விடிஞ்சு ஒரு மணி நேரமாச்சு அண்ணி.”

“அதைத்தான் சொல்றேன்.”

ஏறினாள். முதல் முப்பது அடி பழகிய முப்பது அடிதான். அதற்கு மேல் அச்சகக் கூரை காலடியில் வந்தது. கூரையின்மேல் நேற்றைய இலைகள் ஒட்டிக்கிடந்தன. மரப்பட்டை ஈரத்தில் கறுத்து, பாசி சோப்புப் போல வழுக்கியது. ஒவ்வொரு கவட்டையிலும் நின்று, குட்டைக் கயிற்றை மாற்றிக் கட்டி, கட்டியதை இழுத்துப் பார்த்து, அப்புறம்தான் அடுத்தது. நேரமானது. கீழே அண்ணன் ஒரு தடவைகூட ‘சீக்கிரம்’ என்று சொல்லவில்லை. வழக்கமாகக் கீழிருந்து ‘மெதுவாண்ணா’ என்று சொல்கிறவள் அவள்தான். அந்தச் சொல் இன்று யாரிடமும் இல்லாமல் போனது அவளுக்கு ஒரு மாதிரி இருந்தது.

உச்சிக் கிளைக்கு வந்து இலையை விலக்கினாள்.

வளையப்பட்டை கிளையைக் கவ்விக்கொண்டிருந்தது. சின்ன வளையம் பெரியதற்குள் நுழைந்து நின்றது. குண்டு அதில் முட்டிக்கொண்டிருந்தது. அவசரப்படாமல் பார்த்தாள். அடிமரம் எந்தப் பக்கம், தெரு எந்தப் பக்கம் என்று கையை நீட்டி நீட்டி இரண்டு தடவை உறுதி செய்துகொண்டாள். பெரிய வளையம் தெருப் பக்கம் இருந்தது. குண்டு ஏறி வந்த வழி அடிமரத்துப் பக்கம்.

அவள் சரியாகத்தான் மாட்டியிருந்தாள்.

சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. இத்தனை நாள் தப்பு தன்னுடையதாக இருந்தவரைக்கும் நாளைக்குத் திருத்திக்கொள்ள ஒரு இடம் இருந்தது. இனி அது அண்ணனின் விரலில் இருக்கிறது.

“நோட்டு!” கீழேயிருந்து குரல். “எந்தப் பக்கம் இருக்கு?”

அண்ணி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் இடது கையை ஜாக்கெட் பைக்குள் வைத்திருந்தான். தெரியலண்ணா, இறுகிப் போயிருக்கு என்று சொல்லலாம். நான்தான் மாற்றி மாட்டிட்டேன் என்றும் சொல்லலாம். அது வாயில் தயாராகவே இருந்தது, ஐந்து வாரப் பழக்கம். சொன்னால் இந்தக் குளிர்காலம் முழுக்க அவன் ஏறுவான்.

“பெருசு தெருப் பக்கம் இருக்குண்ணா.”

அண்ணன் ஜாக்கெட் பையிலிருந்து இடது கையை வெளியே எடுத்தான்.

“நல்லாப் பார்த்தியா?”

“நல்லாப் பார்த்தேன்.”

“சரி,” என்றான் அண்ணன். “எடுத்து மாத்திப் போடு. சும்மா ஏறினதா இருக்க வேணாம். அந்தக் காய்ஞ்ச கொம்பு ஒண்ணு தெரியுதே, அதையும் இறக்கிடலாம். கீழ நான் பிடிச்சுக்கறேன்.”

குண்டைத் தட்டிப் பின்னே தள்ளிக் கழற்றி, சுருக்கைத் தளர்த்தி, பட்டையைத் திருப்பிப் போட்டாள். பெரியதை அடிமரத்துப் பக்கம் வைத்தாள். விரலால் தடவி ஒரு தரம், கண்ணால் ஒரு தரம். காய்ந்த கொம்பைக் கட்டி, கைவாளால் அறுத்தாள். அண்ணன் கயிற்றை மூன்று சுற்றுக்கு நாலு சுற்றாகச் சுற்றி, வலது கையால் விட்டான். பக்கத்தில் அண்ணியும் வாலைப் பிடித்துக்கொண்டாள். கொம்பு ஆடாமல் இறங்கிக் கல் தரையில் சாய்ந்தது.

இவள் இறங்கி வந்ததும் குண்டை மாட்டினாள். நூல்கயிற்றை எடுத்தாள். அண்ணன் அவளைப் பார்த்தான்.

“மழை இல்லையே,” என்றாள் அவள்.

“கட்டு, கட்டு. நான் ஒண்ணும் சொல்லல.”

இழுத்தாள். குண்டு ஏறியது, மறைந்தது, தட்டியது. ஒரு கணம் கனம். அப்புறம் கயிறு இளகி, இலைகளுக்குள் பொத்துப் பொத்தென்று விழும் சத்தம். வளையப்பட்டை அண்ணியின் செருப்புக்குப் பக்கத்தில் வந்து கிணுங்கென்று விழுந்தது.

அச்சகக்காரர் பல் குச்சியோடு எட்டிப் பார்த்தார். “மீன் பிடிச்சாச்சா?”

“பிடிச்சாச்சு சார்,” என்றான் அண்ணன். “இன்னிக்குத் தூண்டில் போட்டது தங்கச்சி.”

குனிந்து பட்டையை எடுத்தான், இடது கையால். பெரிய வளையத்தைத் தடவினான், சின்னதைத் தடவினான். பிறகு அதை இவள் பையில் போட்டான். இதுவரை அது அவன் பையில்தான் இருந்தது.

நவம்பர் 7, வெள்ளி.
இன்றைய வேலை: வளையப்பட்டையை எடுத்தோம். காய்ந்த கொம்பு ஒன்று. ஒன்பதேகாலுக்குள் இடம் கூட்டி முடிந்தது.
இன்றைய தவறு: மேலே ஏறும்போது தண்ணீர் பாட்டிலை எடுத்துப் போகவில்லை. அக்டோபர் 3, 9, 14, 21, 28 தேதிகளில் எழுதியவை என் தவறு அல்ல. நேற்றையதில் குண்டைப் பற்றி எழுதியதும் அல்ல. நூல்கயிறு கட்டாதது என் தவறுதான்.
நாளை: காலை எட்டரைக்கு அண்ணனோடு நரம்பு டாக்டரிடம் போக வேண்டும். டோக்கன் ஏழு. இந்த நோட்டை எடுத்துப் போக வேண்டும். தேதிகள் அவருக்குத் தேவைப்படும். அண்ணன் சட்டைப் பொத்தானை அண்ணி போட்டுவிடுவாள்.